ஏறாவூர்ப் பணிக்கரும் யானையும்

மட்டக்களப்பு என்றதும் வெளியூர் வாசகரின் நினைவில் முதலில் எழுவது வாவியும் அதன் பாடும் மீன்களுமே. நிலவுக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பை நீருள் இறக்கி, அதன் மேல்முனையைக் காதோடு ஒட்டிவைத்து அவ்வொலியைக் கேட்டவர் பலர். கேட்டதாகச் சொல்லிக்கொள்பவர் அவரினும் பலர். 1848 ஆம் ஆண்டில் இங்கு வந்த குடியேற்றநாட்டுச் செயலாளர் சேர் எமர்சன் டெனன்டும் அதைக் கேட்டு வியந்து எழுதிவைத்தார். பாடுவது மீனன்று, சிப்பியினம் என்பது அவரது ஊகம். அன்று தொட்டு இன்றுவரை மட்டக்களப்பின் விலங்குலகம் என்றால் இந்த மீனே முன்வந்து நிற்கிறது. கவிஞர்க்கும் சுற்றுலாத்துறையினர்க்கும் அது வசதியான விலங்கு. அது எவர் பயிரையும் அழிப்பதில்லை. எவரும் அதற்கு வேலி போடுவதுமில்லை.

நாம் இங்கு பேச எடுத்துக்கொண்டது வேறொரு விலங்கு. பட்டினத்திலிருந்து வாவியை ஒட்டி வடக்கே ஒரு மணிநேரம் சைக்கிள் மிதித்தால் ஏறாவூர் வந்துவிடும். பெரும்பாலும் முஸ்லிம்களும், அவர்களை அடுத்துத் தமிழர்களும் வாழும் ஊர். கடைத்தெருவும் பள்ளிவாசல்களும் கோயில்களும் நெருங்கிக் கிடக்கும் இவ்வூரின் மேற்கே வயல்கள். வயல்களுக்கப்பால் குடும்பிமலை வரை விரியும் காடு. அந்தக் காட்டுக்கும் இவ்வூருக்கும் இடையே ஒருகாலத்தில் ஒரு தொழில் இருந்தது. யானை பிடிக்கும் தொழில். அதைச் செய்தோருக்குப் பணிக்கர் என்று பெயர்.

மனிதனது இயல்பு யாது என்ற கேள்விக்கு விடை தேடுவோர் தத்துவ நூல்களைப் புரட்டுவர்; அண்மைக்காலத்தில் குரங்குகளையும் எலிகளையும் கூட்டிலடைத்து ஆராய்வர். யானையோடு மனிதன் நடத்திய வாழ்வையும் அவர்கள் சற்றுப் பார்க்கலாம் என்று எமக்குத் தோன்றுகிறது. விலங்கின் முன் நிற்கும்போது மனிதன் வேடம் போடுவதில்லை. தன்னைவிட வலியதும் தன்னால் அடக்கத்தக்கதுமான ஓர் உயிரிடம் அவன் நடந்துகொண்ட முறையில், அவன் தன் இனத்தாரிடம் நடந்துகொண்ட முறையும் எழுதப்பட்டிருக்கிறது.

இலங்கை யானையின் வணிகம் மிகப் பழையது. இத்தீவின் யானைகள் நாட்டுப்படகுகளில் கலிங்கத்துக்கு ஏற்றப்பட்டன என்று கிரேக்க மொழியில் எழுதிய ஈலியன் குறித்திருக்கிறார். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வன்னியரிடமிருந்து யானைகளைத் திறையாகப் பெற்றனர். ஒல்லாந்தக் கம்பனி யானை வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த யானை விற்பனைக்குக் கோல்கொண்டா வரையிலிருந்து வணிகர் வந்தனர். வன்னிக் காட்டிலிருந்து யானைகள் குடாநாட்டுக்குள் நடத்திவரப்பட்ட கடவையின் பெயர் இன்றும் ஆனையிறவு. பிற்காலத்தில் அப்பெயர் போர்ச் செய்திகளில் மட்டுமே அடிபட்டதால், அதனுள்ளே ஆனை இருப்பதை நாம் மறந்துபோனோம்.

அரசருக்கும் கம்பனிக்கும் யானை வேண்டும்; காட்டுக்குள் சென்று அதைப் பிடித்துவர ஒருவன் வேண்டும். அந்த ஒருவனே பணிக்கன். 1859 இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய பெருநூலிலும், 1867 இல் வெளிவந்த காட்டு யானை பற்றிய நூலிலும் டெனன்ட் இவர்களைப் பற்றி எழுதியுள்ளார். இவர்கள் தீவின் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள சோனகக் கிராமங்களில் வாழ்வோர். தலைமுறை தலைமுறையாக யானை பிடிப்போர். இவர்கள் பிடித்த யானைகள் தென்னிந்திய மன்னர்களின் தேவைக்காக வாங்கப்பட்டன. அவர் தரும் சித்திரத்தின் சுருக்கம் இது.

பணிக்கரின் முறை எத்தகையது? நூற்றுக்கணக்கானோரைத் திரட்டிப் பறை முழக்கிக் காட்டை வளைப்பது அரசர் முறை. பணிக்கரோ இருவர் மூவராகவே செல்வர். கையில் துப்பாக்கியில்லை, ஈட்டியில்லை. மான் தோலிலோ எருமைத் தோலிலோ திரித்த ஒரு கயிறும் அதன் முனையில் ஒரு சுருக்கும், அவ்வளவே. அடிச்சுவட்டின் ஈரத்தையும் ஒடிந்த கிளையின் வாட்டத்தையும் பார்த்து யானை எவ்வளவு முன்னர் சென்றது, எத்தனை சென்றன என்று கணிப்பர். காற்றுக்கு எதிராக நகர்வர். நிற்கும் யானை ஓயாமல் காலை அசைத்துக்கொண்டே இருக்கும் இயல்புடையது. அந்தப் பின்னங்கால் நிலத்தை விட்டு எழும் கணத்தில், அதன் வயிற்றுக்கடியில் ஊர்ந்து சென்றவன் சுருக்கை நுழைத்துவிடுவான். மற்றவன் கயிற்றின் மறுமுனையை மரத்தில் சுற்றிக் கட்டுவான். அருகில் தக்க மரம் இல்லையெனில் ஒருவன் யானையின் முன்னே குதித்து அதைச் சினமூட்டித் தன்னைத் துரத்தச் செய்து மரம் நிற்குமிடத்துக்குக் கொண்டுவருவான். தன் உடலையே இரையாக வைத்து வீசும் தூண்டில் இது.

டெனன்ட் இவர்களை மனமாரப் புகழ்கிறார்; அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் புகழுரையில் ஒரு சொல் எம்மை உறுத்துகிறது. காட்டில் யானையின் தடத்தைப் பின்தொடரும் இவர்களது திறன் ஏறக்குறைய இயல்பூக்கத்தின் உறுதியை உடையது என்பது அவர் கருத்து. இயல்பூக்கம் என்பது எறும்புக்கும் தேனீக்கும் உரியதாகச் சொல்லப்படுவது. தந்தையின் பின்னால் பத்து வயதில் காடு புகுந்து, முப்பது வயதில் தனித்துச் சுருக்கு வீசுபவனின் அறிவு, கற்றும் தவறியும் அடிபட்டும் பெற்ற அறிவு. இலண்டனில் ஒருவர் சட்டம் கற்றால் அது கல்வி. காட்டில் ஒருவன் தடம் கற்றால் அது இயல்பூக்கம்! அதே நூலில் யானையின் நுண்ணறிவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டுள்ளது. யானைக்கு அறிவும் உழைப்பாளிக்கு இயல்பூக்கமும் பங்கிடப்பட்டிருக்கும் இந்த விந்தையை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. பழக்கிய யானை ஒன்றின் பெயரும் வயதும் குணமும் எமக்குக் கிடைக்கின்றன. பணிக்கர்களோ ஒரு கூட்டப் பெயராகவே வந்துபோகிறார்கள்.

அந்தப் பழக்கிய யானையின் கதையும் பார்க்கத்தக்கது. 1847 இல் குருநாகலிலிருந்து பதினைந்து மைல் தொலைவில் நடந்த ஒரு யானை வளைப்பை டெனன்ட் நேரில் கண்டார். மரங்களை நட்டு வளைத்த பெரும்பட்டிக்குள் காட்டு யானைக் கூட்டம் விரட்டப்பட்டது. பின்னர் பழக்கிய யானைகள் உள்ளே சென்றன. அவற்றுள் சிரிபெத்தி என்ற ஐம்பது வயதுப் பிடி தலைசிறந்தது. அது ஒன்றும் அறியாதது போல் புல்லைப் பறித்தபடி மெதுவாக நடந்து, காட்டு யானையின் அருகே சென்று, அன்பாக உரசி நின்று, அதன் கவனத்தைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும்; அந்த நேரத்தில் அதன் மறைவில் வந்த ஆள் காட்டு யானையின் காலில் சுருக்கிடுவான். சிரிபெத்தியின் சாமர்த்தியத்தில் டெனன்ட் மயங்கியே போனார். அங்கு நின்ற இன்னொரு முதிய யானை, ஒல்லாந்தருக்கும் பின்னர் ஆங்கிலேயருக்குமாக நூறாண்டுக்கு மேல் ஊழியம் செய்தது என்றும் சொல்கிறார்.

இதைப் படிக்கும்போது எமக்கு அக்காலத்து முதலியார் குடும்பங்கள் சிலவற்றின் நினைவு வருவதைத் தடுக்க முடியவில்லை. ஒல்லாந்தரிடம் பெற்ற பட்டத்தை ஆங்கிலேயரிடம் புதுப்பித்துக்கொண்டு, தம் ஊராரின் தோளோடு தோள் உரசி நின்று, வரிக்கும் ஊழியத்துக்கும் சுருக்கிட உதவியவர்களை வரலாறு அறியும். ஆனால் யானைக்கு இந்த ஒப்புமை அநீதியானது. சிரிபெத்தி காணி பெறவில்லை, பதக்கம் பெறவில்லை. அது தானும் ஒருநாள் அதே சுருக்கில் விழுந்ததுதான்.

விழுந்த யானை எவ்வாறு பணிகிறது? பணிக்கரது முறையைப் பார்ப்போம். கட்டப்பட்ட யானையைச் சுற்றித் தீ மூட்டுவர். இரவும் பகலும் புகை. அது களைத்து ஓயும்வரை விடுவர். காட்டிலேயே அதனருகில் கொப்புகளால் பந்தலிட்டு வாரக்கணக்கில் தங்குவர். பின்னர் அதே மனிதர் அதற்கு விருப்பமான தழையைக் கொடுப்பர், நீர் கொடுப்பர், நீராட்டுவர், பேசுவர். வதைத்த கையே ஊட்டும் கையாகிறது. சில வாரங்களில் அந்தப் பெருவிலங்கு அவர்கள் பின்னே நடக்கத் தொடங்குகிறது.

யானை அச்சத்தினால் அடங்குகிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது பாதி உண்மையே. அச்சம் மட்டுமாயின் அது ஓயாது தப்ப முயலும், அல்லது மாண்டுபோகும். யானை கூட்டத்தில் பிறந்து கூட்டத்தில் வளரும் உயிர். முதிய பிடியொன்றின் தலைமையில் தாயரும் மகளிரும் கன்றுகளும் சேர்ந்து வாழ்வது அதன் குடும்பம். களிறு வளர்ந்தபின் பிரிந்து செல்லும். தம் இனத்தின் எலும்புகளைக் கண்டால் யானைகள் நின்று தும்பிக்கையால் தடவிப் பார்ப்பதை ஆய்வாளர் பலர் பதிவு செய்துள்ளனர். 2011 இல் தாய்லாந்தில் நடந்த ஒரு சோதனை எமது கதைக்கு மிக அண்மையானது. ஒரு பலகையை உணவோடு இழுத்துவர இரண்டு யானைகள் கயிற்றின் இரு முனைகளையும் ஒரே வேளையில் இழுக்க வேண்டும். ஒன்று மட்டும் இழுத்தால் கயிறு உருவிப் போய்விடும். தன் துணை வந்துசேரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதை யானைகள் விரைவில் கற்றுக்கொண்டன. கயிற்றின் மறுமுனையில் இன்னோர் உயிர் இருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியும்.

இத்தகைய உயிர் தனித்து வாழ இயலாது. கூட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டதும், அக்கூட்டத்துக்கு உரிய பற்றை அது அருகிலிருக்கும் ஒரே உயிரின் மீது வைக்கிறது. அந்த உயிர் அதைப் பிடித்தவன். பாகனுக்காக உயிர்கொடுத்த யானைகளைப் பற்றி நாம் உருகிப்போய்ச் சொல்லும் கதைகளுக்கெல்லாம் அடியில் இருப்பது இதுவே. அடிமைத்தனம் சங்கிலியால் மட்டும் நிற்பதில்லை. அன்பு செய்யாமல் வாழ முடியாத உயிரின் அந்தத் தேவையையும் அது பயன்படுத்திக்கொள்கிறது. வீட்டு வேலைக்கு விடப்பட்ட சிறுமி எசமானியின் குழந்தையைத் தன் குழந்தை போல் வளர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

எல்லா யானைகளும் இவ்வாறு பணிந்துவிடவில்லை. இலங்கை அரசாங்கத்தின் வேலைத் தளங்களில் 1831 முதல் 1856 வரை இறந்த யானைகளின் கணக்கை டெனன்ட் தருகிறார். சிறைப்பட்ட பின் எவ்வளவு காலம் வாழ்ந்தன என்று பதிவுள்ளவை 138. அவற்றுள் 72 முதலாண்டிலேயே இறந்தன. அந்த 72 இல் 35 முதல் ஆறு மாதத்தைத் தாண்டவில்லை. காயமில்லை, நோயில்லை, படுத்தது எழவில்லை என்ற சாவுகளும் உண்டு. மனம் உடைந்து இறந்தது என்று ஊரார் சொன்னார்கள். கணக்குப் புத்தகத்தில் அதற்கொரு நிரல் இருந்திருக்க முடியாது.

இதே காலத்தில் நிகழ்ந்த இன்னொன்றையும் இங்கு பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பணிக்கர் பிடித்த யானைகள் காட்டு வழியாக மன்னார்க் கரைக்கு நடத்திச் செல்லப்பட்டு அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறின. 1840களில் அதே மன்னார்க் கரையில், எதிர்த்திசையில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள் தமிழகத்துக் கிராமங்களின் ஏழை மக்கள். மலைநாட்டில் கோப்பி பயிரிடப்பட்டது, ஆள் வேண்டியிருந்தது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வரண்ட காட்டினூடாக அவர்கள் கால்நடையாகச் சென்றார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே விழுந்தார்கள். யானை மேற்கே, மனிதன் கிழக்கே. இரண்டும் ஒரே சந்தையின் சரக்கு. கங்காணி முன்பணம் என்ற சுருக்கைப் போட்டான். பணிக்கன் தோற்கயிற்றைப் போட்டான். ஒரு வேற்றுமை உண்டு: யானை செத்தால் வாங்கியவனுக்கு நட்டம், ஆதலால் அதன் சாவுக்குக் கணக்கு இருந்தது.

விலை போகாத யானையின் கதி வேறு. இலங்கை யானைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கொம்பு இல்லை. கொம்பனாகப் பிறப்பது மிகச் சில களிறுகளே. தந்தமும் இல்லை, வேலைக்கும் வேண்டியதில்லை என்றால் அது பயிரழிக்கும் பிராணி. தலைக்குச் சில ஷில்லிங் வீதம் அரசாங்கம் வெகுமதி அறிவித்தது. 1848 க்கு முந்திய மூன்றாண்டுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு இவ்வாறு பணம் கொடுக்கப்பட்டது. 1851 தொட்டு ஓர் ஐந்தாண்டில் தென்மாகாணத்தில் 2,000 யானைகளுக்கு. துரைமார்களுக்கு இது பொழுதுபோக்குமாயிற்று. பதுளைப் பகுதியில் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400 க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பது அக்காலத்துக் கணக்கு. 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். யானைகளின் சாபம் என்று ஊர் சொல்லியது. இயற்கைக்கு அவ்வளவு நீதியுணர்ச்சி இருந்திருந்தால் எத்தனையோ சிக்கல்கள் தீர்ந்திருக்கும்.

இந்த இருவகை மனிதரையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு ஆசிரிய நண்பர்களை வேண்டுகிறோம். ஒருவர் தொலைவில் நின்று சுட்டு எண்ணிக்கையை ஏட்டில் குறிக்கிறார். மற்றவன் யானையின் மூச்சு தன் முதுகில் படும் தொலைவில் தவழ்கிறான். பணிக்கனை நாம் புனிதனாக்கவில்லை. சுதந்திரமாகத் திரிந்த உயிரைச் சிறைப்பிடித்து விற்றவன் அவன். அவனது வித்தையின் முடிவு ஒரு தாயின் பக்கத்திலிருந்து ஒரு கன்று பிரிவதே. ஆனால் யானையை அறிந்தவன் அவன். அதன் அச்சம், ஆசை, நினைவு, காலசைவு எல்லாம் அவனுக்குத் தெரியும். மேஜர் ரொஜர்சுக்கு யானையின் நெற்றியில் குண்டு பாயும் இடம் மட்டும் தெரிந்தால் போதும். உழைப்பின் வழியாக மனிதன் இயற்கையை மாற்றுகிறான், மாற்றும்போதே தானும் மாறுகிறான் என்பதை எங்கெல்ஸ் வழி வந்தோர் அறிவர். இயற்கையின் மீது நாம் கொள்ளும் வெற்றிகளையிட்டு மிகவும் இறுமாக்க வேண்டாம், அது பழிவாங்கும் என்றும் அவர் எச்சரித்திருக்கிறார்.

ஏறாவூரின் யானைக்கதை உச்சம் பெறுவது 1925 இல். அவ்வாண்டு ஏறாவூர்க் காட்டில் ஏறக்குறைய 12 வயதான ஒரு கொம்பன் பிடிக்கப்பட்டது. பிடித்தவர் உமர் லெப்பைப் பணிக்கர். மம்பிட்டிய திசாவை அந்த யானையை 3,300 ரூபாவுக்கு வாங்கினார் என்பது பதிவு. 1937 இல் அது கண்டித் தலதா மாளிகைக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அதன் பெயர் ராஜா. 1950 முதல் எசலப் பெரஹராவின் இறுதி ஊர்வலங்களில் புத்தரின் புனிதப்பல் பேழையைச் சுமந்து சென்ற யானை அதுவே. 1986 ஆகஸ்ட் 20 இல் அரசாங்கம் அதைத் தேசியச் செல்வமாகப் பிரகடனம் செய்தது. 1988 ஜூலை 16 இல் அது இறந்தது. அதன் உடல் பாடம் செய்யப்பட்டு, மாளிகை வளவிலே அதற்கென்று அமைந்த அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ராஜா கண்டிக்குப் போன கதையில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்பதைச் சிந்திக்கலாம். கிழக்கிலங்கையின் தமிழ் பேசும் ஒரு முஸ்லிம் உழைப்பாளி காட்டில் உயிரைப் பணயம் வைத்துப் பிடித்தான். சிங்களப் பிரபு ஒருவர் விலை கொடுத்தார். பௌத்த ஆலயம் ஏற்றது. மூன்று இனத்து மக்களும் தெருவோரம் நின்று கும்பிட்டார்கள். இத்தீவின் ஒற்றுமைக்கு இதைவிட நல்ல கதையை எந்த மேடைப் பேச்சாளரும் புனைய முடியாது. ஆனால் விழாக்களில் கொடுத்தவர் பெயரே பேசப்படும். பிடித்தவர் பெயர் ஏறாவூருக்கு வெளியே அரிதாகவே கேட்கும். தாஜ்மகாலைக் கட்டியவர் யார் என்று மாணவனைக் கேட்டுப் பாருங்கள். கல் சுமந்தவன் பெயரையா சொல்வான்?

ராஜா இறந்து இரண்டாண்டு கழிந்தது. 1990 ஆகஸ்ட் 11 இரவும் 12 விடியலும் ஏறாவூரை விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் தாக்கினர். உறக்கத்திலிருந்த முஸ்லிம் மக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் வீடுவீடாகக் கொல்லப்பட்டனர். ஒரு மாதம் செல்லுமுன், செப்டெம்பர் 9 இல், ஏறாவூருக்கும் மட்டக்களப்புப் பட்டினத்துக்கும் இடையிலுள்ள சத்துருக்கொண்டான் பகுதியில் தமிழ்க் கிராமத்தவர் நூற்றெண்பதுக்கு மேற்பட்டோர் அரச படையினரால் கொல்லப்பட்டனர். அவர்களுள்ளும் கைக்குழந்தைகள் இருந்தன. திமிலரை எதிர்த்து முக்குவரோடு தோள்நின்ற பட்டாணியர் குடியேறியதாலேயே இவ்வூர் உண்டாயிற்று என்பது மட்டக்களப்பு மான்மிய மரபில் வரும் ஐதிகம். அது வரலாறோ கற்பனையோ, தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாய்க்காலில் நீர்பாய்ச்சி ஒரே சந்தையில் விற்று வாழ்ந்தது கற்பனையன்று.

அந்நாட்களில் பத்திரிகைகளும் மேடைகளும் இக்கொலைகளை மிருகத்தனம் என்று கண்டித்தன. இச்சொல்லை நாம் ஆட்சேபிக்கிறோம். எந்த மிருகமும் இன்ன மொழி பேசுபவன், இன்ன திசை நோக்கித் தொழுபவன் என்று பார்த்து வீடு தேடிச் சென்றதில்லை. மதம்பிடித்த களிறு மிதிக்கும். ஆனால் பட்டியல் தயாரிக்காது. மனிதன் தனக்கே உரிய குற்றத்தை விலங்கின் தலையில் ஏற்றிவிட்டு, விலங்கின் பெயர்களைப் பெருமையோடு தன் கொடியில் எழுதிக்கொள்கிறான். ஒரு கொடியில் சிங்கம். மற்றொரு கொடியில் புலி. வரலாற்றுக் காலத்தில் இத்தீவின் காடுகளில் சிங்கம் வாழ்ந்ததில்லை; எமது காட்டில் புலி என நாம் அழைப்பதும் உண்மையில் சிறுத்தையே. இங்கே வாழாத இரண்டு விலங்குகளின் பெயரால் இங்கே வாழ்ந்த மனிதர் மாண்டனர். தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்த யானை அவ்விரு கொடிகளிலும் இடம்பெறவில்லை.

யானை பிடிக்கும் தொழில் இப்போது இல்லை. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதன் கால்களைக் கட்டியது. 1950 இல் பனாமுரையில் நடந்ததே கடைசி யானை வளைப்பு. அதில் பணிய மறுத்து நின்ற ஒரு களிறு சுட்டுக் கொல்லப்பட்டது. மக்கள் கொதித்தார்கள், அதைப் பற்றிச் சிங்களத்தில் ஒரு பாடலும் எழுந்தது. இவ்வாறு யானை சட்டத்தின் காவலுக்குள் வந்தது. அதே ஆண்டுகளில்தான் அதன் காடு போகத் தொடங்கியது என்பது கவனிக்கத்தக்கது.

1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது அந்நிலம் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி. அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல். அணை எழுந்தது, சமுத்திரம் பரந்தது, காடு வெட்டப்பட்டது, காணியற்றோருக்குக் காணி கிடைத்தது. நீரும் நிலமும் உழவனுக்குச் சேருவதை நாம் எதிர்ப்பவரல்லர். ஆனால் எவருக்கு எங்கே காணி என்பது உழவனின் தேவையால் மட்டும் தீர்மானிக்கப்படவில்லை. வாக்குக் கணக்கும் இனக்கணக்கும் அதில் புகுந்தன. 1956 ஜூனில் இந்நாட்டின் முதல் இனக்கலவரங்களுள் ஒன்று அதே கல்லோயாவில் வெடித்தது. யானைகளின் பழைய தடங்களும் அத்திட்டத்தின் வரைபடத்தில் இடம்பெறவில்லை. பின்னர் மகாவலித் திட்டத்திலும் இதே கதை. இன்று ஏறாவூர்ப்பற்று, கிரான் எல்லைகளில் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் நிலத்துக்காகத் தமிழ்ப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினர். வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட பயிர்ச்செய்கையாளர் மேய்ச்சல் தரையை அடைத்ததும், மாடுகள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டதும் அவர்களது முறைப்பாடு. மனிதனுக்கு மனிதன் மீதுள்ள பகை, வாயில்லாத மாட்டின் கழுத்தில் வந்து விழுகிறது.

2011 இல் எடுத்த கணக்கின்படி இலங்கையின் காட்டு யானைகள் 5,879. 2019 இல் 405 யானைகள் இறந்தன. யானைகளால் இறந்த மனிதர் 121. 2022 இல் 439 யானைகள், 145 மனிதர். 2023 இல் 488 யானைகள், 184 மனிதர். துப்பாக்கி, மின்வேலி, பழத்துள் வெடிமருந்து வைத்த ஹக்கபட்டாஸ் என்பன யானையைக் கொல்லும் கருவிகள். வாய் சிதறிய யானை இரைதின்ன முடியாமல் நாட்கணக்கில் அலைந்து சாகிறது. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அண்மையில், கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையே ஓடும் புகையிரதம் ஒரு யானைக் கூட்டத்தில் மோதிக் குறைந்தது ஆறு யானைகள் மாண்டன.

இவ்வெண்களை நகரத்தில் படிப்போர் இருபிரிவாகப் பிரிந்துவிடுகின்றனர். ஒருவர் யானைக்காக அழுது உழவனைக் கொடியவன் என்கிறார். மற்றவர் உழவனுக்காக முழங்கி யானைகளை ஒழித்துவிடச் சொல்கிறார். இருவருமே ஒருநாளும் பரணில் படுத்தவரல்லர். இறந்த 184 பேரின் பட்டியலைப் பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்ததில்லை. எனினும் அதில் பெரிய போடிமார் எத்தனை பேர் இருப்பர் என்று ஊகிப்பது கடினமன்று. வேளாண்மை போடியாருடையது. இரவில் வயலில் காவல் கிடப்பவன் முல்லைக்காரனும் அவன் கூட்டிவந்த கூலியாளுமே. அறுவடை தவறினால் அவன் பங்கும் தவறும். முன்பு வாங்கிய கடன் மட்டும் தவறாது.

பங்குனி மாதத்து ஓரிரவை எண்ணிப் பாருங்கள். மேற்கே குடும்பிமலை இருளில் தெரிகிறது. கதிர் முற்றிய வயலின் விளிம்பில், மரத்தின் மீது கட்டிய பரணில் ஒருவன் சாக்கைப் போர்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். கையில் ஒரு டோர்ச் விளக்கு. மடியில் அரசாங்கம் கொடுத்த யானைவெடி இரண்டு. கீழே தீ அணைந்துவருகிறது. காட்டோரம் கிளை முறியும் ஒலி கேட்கிறது. எத்தனை வருகின்றன, தனிக்களிறா, கன்றோடு கூடிய கூட்டமா என்று அவனால் சொல்ல முடியாது. அவனது ஊரில் முன்னொருகால் அதை ஒலியிலிருந்தே சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். அவன் விளக்கை அடிக்கிறான். ஒளிவட்டத்தின் ஓரத்தில் இரண்டு காதுகள் அசைகின்றன. யானையும் நின்று, ஒளி வரும் பக்கம் தும்பிக்கையை உயர்த்தி, அவன் மணத்தைப் பிடிக்கிறது.